செய்தியும் நகையும்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதலாவதாக வைத்து எண்ணினார் தொல்காப்பியர். அந்நகை மடன், பேதைமை, இளமை, எள்ளல் என்னும் நான்கின்வழிப் பிறக்கும் என்றும் அவரே வரையறுத்தார். வகுப்பறையில் இந்நான்கையும் நெட்டுருச் செய்து ஒப்புவித்தவர் நம்முள் பலர். ஆனால், இவ்வரையறையைக் கையிற்கொண்டு இக்காலப் படைப்பொன்றை அளந்து பார்த்தவர் சிலரே. அளவுகோல் பழையதாயினும் அளக்கப்படும் பொருள் புதியதாக இருக்கலாம் அன்றோ? தொலைக்காட்சிச் செய்தியை நகையாடும் நாடகம் ஒன்றை அவ்வாறு அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசரையும் செல்வரையும் போலித் துறவியரையும் நகையாடுதல் எல்லா நாட்டு இலக்கியங்களிலும் உண்டு. செய்தி சொல்வோரை நகையாடுதல் அத்துணைப் பழமையானதன்று. தூது உரைப்போனுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். தூதன் பிழைத்தால் அரசும் பிழைபடும் என்பதனாலன்றோ அவனுக்கு அத்தனை இலக்கணம் கூறப்பட்டது? மக்களே அரசராகிய மக்களாட்சி நாட்டில் அத்தூதரின் இடத்தில் இன்று செய்தியாளர் இருக்கின்றனர். அவர் பிழைத்தால் பிழைபடுவது யார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின், செய்தியாளரை நகையாடும் படைப்பை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

பிரிட்டனில் 1962-ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய 'தட் வாஸ் த வீக் தட் வாஸ்' என்னும் நிகழ்ச்சி வாரந்தோறும் நாட்டு நடப்பை எள்ளிப் புகழ்பெற்றது. அங்கு எள்ளப்பட்டோர் பெரும்பாலும் செய்தியில் இடம்பெற்ற அரசியலாளரே. செய்தி உண்டாகும் முறையையே எள்ளற்பொருளாக்கிய படைப்புகள் பின்னர்த்தான் பெருகின. அவற்றுள் என் கருத்தில் தலைசிறந்தது ஆஸ்திரேலியாவில் தோன்றிய 'ஃபிரண்ட்லைன்' என்னும் நாடகத் தொடராகும்.

நாடகத்தின் அமைப்பு

ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகத்தின் தொலைக்காட்சியில் 1994-ஆம் ஆண்டு மே மாதம் இத்தொடர் தொடங்கியது. 1994, 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக, தொகுதிக்குப் பதின்மூன்று என 39 பகுதிகள் வெளிவந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடும். ராப் சிட்ச், ஜேன் கென்னடி, சாண்டோ சிலாரோ, டாம் கிளைஸ்னர் என்னும் நால்வர் கூடி இதனைப் படைத்தனர். அவருள் முதல் மூவரும் முதன்மை வேடங்களையும் ஏற்று நடித்தனர். 1997-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'தி காசில்' என்னும் திரைப்படமும் இக்குழுவினர் எடுத்ததே.

கதை நிகழும் இடம் ஒரு தனியார் தொலைக்காட்சி நிலையம். அங்கு மாலைச் செய்திக்குப் பின்னர் அரைமணி நேரம் ஒளிபரப்பாகும் நடப்பு விவகார நிகழ்ச்சியின் பெயரே 'ஃபிரண்ட்லைன்'. போர்முனை என்பது அதன் பொருள். இந்த அரைமணி நேரத்தின் அருமையை அறிந்தாலன்றி நாடகத்தின் நகை விளங்காது. மாலையில் எந்த நிலையம் வீட்டாரைப் பிடித்து வைக்கின்றதோ அந்நிலையத்தையே அவர்கள் இரவு முழுவதும் பார்ப்பர் என்பது தொலைக்காட்சி வணிகரின் கணக்கு. ஆகவே, அந்த அரைமணி நேரத்தில் பார்வையாளர் எண்ணிக்கை சற்றுக் குறைந்தாலும் இரவு விளம்பர வருவாய் அனைத்தும் ஆட்டங்காணும். உண்மையைத் தேடிச் செல்ல வேண்டிய செய்தியாளரின் தோள்மேல் ஒரு நிலையத்தின் வரவு செலவு முழுவதும் ஏற்றி வைக்கப்பட்டிருக்கின்றது. இச்சுமையின்கீழ் அவர் எவ்வாறு நடக்கின்றார் என்பதையே நாடகம் காட்டுகின்றது.

மடன் என்னும் நகை

நிகழ்ச்சியை வழங்குபவர் மைக் மூர். ராப் சிட்ச் இவ்வேடத்தில் நடித்தார். நல்ல தோற்றம், கனிந்த குரல், கவலை தோய்ந்த முகம் ஆகிய அனைத்தும் இவருக்கு உண்டு. தாம் நாட்டின் பெருஞ்செய்தியாளருள் ஒருவர் என்று இவர் உண்மையாகவே நம்புகின்றார். ஆனால், எந்தச் செய்தியை எடுப்பது, யாரிடம் என்ன கேட்பது, எதை வெட்டுவது என்பனவற்றையெல்லாம் முடிவு செய்பவர் தயாரிப்பாளர். மைக் மூர் எதிர்ப்பது உண்டு. நேர்மை, பொறுப்பு என்னும் சொற்களைச் சொல்வதும் உண்டு. தயாரிப்பாளர் இரண்டு சொற்களால் அவருடைய தற்பெருமையைத் தடவிக் கொடுத்ததும், சற்றுமுன் எதிர்த்ததையே தம் கொள்கையாக ஏற்று அவர் ஒளிவிளக்கின்முன் சென்று அமர்வார்.

மைக் மூரைப் பேதை என்று சொல்லிவிடலாமா? ஆகாது என்பேன். பேதைமைக்கும் மடனுக்கும் உள்ள வேறுபாட்டை உரையாசிரியர் நுட்பமாகக் காட்டியுள்ளனர். பேதைமையாவது அறிவில்லாமை. மடனாவது பிறர் தமக்குக் கற்பித்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றதை விடாமற் பற்றிநிற்றல். மைக் மூர் அறிவில்லாதவர் அல்லர். தமக்குச் சொல்லப்பட்டதை ஏற்று, பின்னர் அதனைத் தம் எண்ணமென்றே பற்றிக்கொள்ளும் மடனே அவரிடத்து உள்ளது. அவருடைய நண்பராக வரும் வானிலை அறிவிப்பாளர் ஜெஃப்ரி சால்ட்டர், நகைச்சுவை விளங்காமலே நண்பருக்காகச் சிரிப்பவர். அவரைப் பேதைமைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தயாரிப்பாளரும் சில செய்தியாளரும் எவரையும் எள்ளுபவர்கள். அவர்களுடைய சிரிப்பு எள்ளலிற் பிறப்பது. இவ்வாறு ஓர் அலுவலகத்திற்குள்ளேயே நகையின் வேர்கள் பலவற்றையும் கண்டுகொள்ளலாம்.

இவர்களுள் நமக்கு மிகுதியும் பாடமாக அமைவது மடனே. ஏனெனில், செய்தியைப் பார்க்கும் நாமும் பெரும்பாலும் மைக் மூரைப் போலவே இருக்கின்றோம். மாலையில் நமக்குச் சொல்லப்படுவதை ஏற்று, மறுநாட் காலையில் அதனை நம் கருத்தாகவே பிறரிடம் எடுத்துரைக்கின்றோம்.

பொய் பிறக்கும் வழி

செய்தி பொய்க்கின்றது என்று சொல்வோர், எங்கோ ஒருவர் உட்கார்ந்து பொய்யைப் புனைவதாகவே எண்ணுகின்றனர். இந்நாடகத்தின் பெருஞ்சிறப்பு அவ்வெண்ணத்தை மாற்றுவதாகும். இங்குப் பெரும்பொய் எதனையும் எவரும் புனைவதில்லை. சிறுசிறு முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு காரணம் இருக்கின்றது. அக்காரணமும் கேட்பதற்கு முற்றும் முறையற்றதாகத் தோன்றுவதில்லை. இறுதியில் ஒளிபரப்பாகும் செய்தியைப் பார்த்தால், தொடக்கத்திலிருந்த உண்மை அதில் இல்லை.

ஒரு தொழில் உத்தியைக் காண்போம். ஒருவரை அவர் இருக்கும் இடத்திற்கே சென்று பேட்டி காணும்போது பெரும்பாலும் ஒரே ஒளிப்பதிவுக் கருவிதான் இருக்கும். அது விடை கூறுபவரை நோக்கியிருக்கும். பேட்டி முடிந்த பின்னர்க் கருவியைத் திருப்பி வைத்து, செய்தியாளர் தாம் கேட்ட வினாக்களை மீண்டும் கேட்பதுபோலவும், விடையைக் கேட்டுத் தலையசைப்பதுபோலவும் படமெடுத்துக்கொள்வர். இரண்டையும் வெட்டி ஒட்டினால் நேருக்கு நேர் நிகழ்ந்த உரையாடல் போலத் தோன்றும். இதில் தவறு உண்டா? கேட்ட வினாவையே மீண்டும் கேட்டால் பெருந்தவறில்லை எனலாம். ஆனால், முன்பு பணிவாகக் கேட்டதை இப்போது கடுமையாகக் கேட்டால்? முன்பு வாராத பெருமூச்சு இப்போது வந்தால்? விடை கூறியவர் வீட்டுக்குப் போய்விட்டார். வினாவோ இப்போதுதான் பிறக்கின்றது. செப்பும் வினாவும் வழுவாமற் காக்க வேண்டும் என்று கிளவியாக்கத்தில் இலக்கணம் வகுத்தவர் தொல்காப்பியர். செப்புக்குப் பின் வினாவைப் படைக்கும் இக்கலையை அவர் கண்டிருந்தால் அதற்கும் ஒரு நூற்பா செய்திருப்பார் போலும்! 'ஃபிரண்ட்லைன்' இவ்வுத்தியை ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடுகின்றது. ஒருமுறை அதனைக் கண்டவர் பின்னர் எந்தப் பேட்டியையும் பழைய கண்ணோடு பார்த்தல் இயலாது.

முற்றுகை

'முற்றுகை' என்னும் பொருளுடைய தலைப்பில் முதல் தொகுதியில் ஒரு பகுதி உண்டு. துப்பாக்கி ஏந்திய ஒருவன் சிலரைப் பிணையாக வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்கின்றான். காவல் துறையினர் சூழ்ந்து நிற்கின்றனர். செய்தி நிலையங்கள் ஒன்றை ஒன்று முந்தப் பார்க்கின்றன. முடிவில் மைக் மூர் தொலைபேசியில் அந்தத் துப்பாக்கிக்காரனிடமே பேசுகின்றார்.

இது வெறுங்கற்பனை அன்று. 1993-ஆம் ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள கங்காய் என்னும் சிற்றூரில் ஆயுதந்தாங்கியோர் பண்ணை வீடொன்றில் முற்றுகையிடப்பட்டிருந்தனர். அவர்களிடம் சிறுபிள்ளைகள் இருவரும் சிக்கியிருந்தனர். அப்போது 'எ கரண்ட் அஃபேர்' என்னும் தனியார் நிகழ்ச்சியின் வழங்குநராக இருந்த மைக் வில்லசி தொலைபேசியில் அவ்வீட்டை அழைத்துப் பேசினார், பிள்ளைகளிடமும் பேசினார். அது ஒளிபரப்பாயிற்று. காவல் துறையின் பணிக்கு நடுவே செய்தியாளர் புகலாமா என்னும் கேள்வி நாடெங்கும் எழுந்தது. அடுத்த ஆண்டிலேயே நாடகம் அக்கேள்வியை மேடையேற்றிவிட்டது.

நாடக ஆசிரியர் இதனை எவ்வாறு கையாண்டனர் என்பதே நாம் கருத வேண்டுவது. உயிர் ஊசலாடும் நிகழ்ச்சியை நகைப்பொருளாக்குதல் எளிதன்று. சற்றுப் பிழைத்தாலும் துன்பப்படுவோரை எள்ளியதாக முடியும். ஆசிரியர் அவ்வழியில் செல்லவில்லை. அவர்கள் வீட்டுக்குள் இருப்போரை நகையாடாமல், வெளியே நிற்போரையே நகையாடினர். உள்ளே அச்சம், வெளியே போட்டி. உள்ளே உயிர் பெரிது, வெளியே நேரம் பெரிது. இவ்விரண்டையும் அருகருகே வைத்தவுடன் நகை தானே பிறக்கின்றது. நகைத்த மறுகணமே, இச்செய்தி உண்மையாக ஒளிபரப்பாகியிருந்தால் நாமும் கண்கொட்டாமற் பார்த்திருப்போமே என்னும் எண்ணம் எழுந்து நம்மைத் தலைகுனியச் செய்கின்றது. எள்ளலாவது தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் தான் எள்ளப்பட்டு நகுதலும் என இருவகைப்படும் என்பர் உரையாசிரியர். முதலாவதாகத் தொடங்கி இரண்டாவதாக முடிவதே இப்பகுதியின் ஆற்றல்.

விடுபட்ட செய்திகள்

செய்தியில் சொல்லப்படுவதைப் போலவே சொல்லாமல் விடப்படுவதும் கருதத்தக்கது. மகளிர் விளையாட்டைப் பற்றி ஒருநாளும் அக்கறை காட்டாத நிகழ்ச்சி, வீராங்கனை ஒருவர் தாம் குழுவிலிருந்து நீக்கப்பட்டதற்குப் பாலியல் சார்ந்த காரணம் கூறியதும் பாய்ந்து சென்று அதனை எடுத்துக்கொள்கின்றது. அந்த வீராங்கனை எப்படி ஆடுவார் என்று கேட்பாரில்லை. பிறிதொரு பகுதியில், பெரிய இடத்துத் தவறு ஒன்றை வெளிப்படுத்த மைக் மூர் விரும்புகின்றார். பெரிய இடம் என்றால் அதற்கு நிலையத்தோடும் உறவு இருக்குமன்றோ? ஆகவே பெருமீனை விட்டுவிட்டுச் சிறுமீனைப் பொரிக்கின்றனர். எளிய ஏமாற்றுக்காரன் ஒருவனைத் தெருவில் துரத்திச் செல்வதே வீரமிக்க செய்தித்தொழிலாகக் காட்டப்படுகின்றது.

வேறொரு பகுதியில் மைக் மூர் போகன்வில் தீவுக்குச் செல்கின்றார். பப்புவா நியூ கினியைச் சேர்ந்த அத்தீவில் 1988 முதல் 1998 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அங்குள்ள மக்களின் துயரை உலகறியச் செய்தல் உயர்ந்த பணியே. ஆயினும், அவர் செல்வதற்கு உண்மைக் காரணம் உடன்பணியாற்றும் செய்தியாளர் புரூக் வாண்டன்பர்க் பெற்ற புகழைக் கண்டு எழுந்த பொறாமை. அதனால், போரைப் பற்றிய செய்தி 'போரில் நிற்கும் மைக் மூர்' பற்றிய செய்தியாக மாறிவிடுகின்றது. அத்தீவின் போர் அவருக்குத் திரைச்சீலை ஆகின்றது. தொலைநாட்டுத் துன்பத்தைக் காட்டும் எத்தனை செய்திகளில் துன்பப்படுவோர் பின்னே நிற்க, செய்தியாளர் முன்னே நிற்கின்றார் என்பதை ஒருநாள் எண்ணிப் பார்த்தால் இதன் உண்மை புலப்படும்.

ஆள் மாறினும் மாறாதது

இத்தொடரின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. மூன்று தொகுதிகளிலும் தயாரிப்பாளர் வேறு வேறானவர். முதல் தொகுதியில் பிரையன் தாம்சன். அவ்வேடத்தில் நடித்த புரூனோ லாரன்ஸ் 1995-இல் மறைந்தார். இரண்டாவதில் சாம் மர்ஃபி, மூன்றாவதில் கிரேம் பிரவுஸ் என்போர் அப்பொறுப்பில் வருகின்றனர். மூவரும் மூன்று வகைக் குணத்தினர். ஆயினும் நிகழ்ச்சி மட்டும் மாறுவதில்லை. அதே போட்டி, அதே வெட்டல் ஒட்டல், அதே சாக்குப்போக்கு. தீமைக்குக் காரணம் தீயவன் ஒருவன் என்றால் அவனை நீக்கியதும் தீமை நீங்க வேண்டும். நீங்கவில்லையெனின், காரணம் நாற்காலியில் உள்ளது. அதில் உட்காருபவரிடத்து அன்று. எத்தனையோ அறிஞர் நூல்கள் எழுதி விளக்க வேண்டிய இவ்வுண்மையை இந்நாடகம் வேடத்தை மாற்றியே விளக்கிவிடுகின்றது.

இவ்வலுவலகத்தில் ஒருவர்மட்டும் நகைப்புக்கு உரியவர் அல்லர். அவர் எம்மா வார்டு என்னும் துணைத் தயாரிப்பாளர். செய்வது தவறு என்று அவர் அறிவார். அறிந்ததைச் சொல்லவும் சொல்கின்றார். அவர் சொல் ஏறுவதில்லை. சொல்லி முடித்தபின் அவரும் அந்த வேலையைச் செய்து முடிக்கின்றார், மறுநாளும் வருகின்றார். மைக் மூரைக் கண்டால் சிரிப்பு வருகின்றது. எம்மாவைக் கண்டால் சிரிப்பு நின்றுவிடுகின்றது. நகை முடிந்து இளிவரல் தோன்றும் இடம் அது. தவறு என்று அறியாமற் செய்பவரைக் காட்டிலும், அறிந்து வருந்திக்கொண்டே செய்பவர் எத்தனை பேர் எத்தனை அலுவலகங்களில் இருக்கின்றனர்! நாடகத்தில் மிகுந்த பேச்சில்லாத இவ்வேடத்தையே யான் அதன் உயிர்நிலை என்று கருதுகின்றேன்.

படப்பிடிப்பின் முறையும் இக்கருத்துக்குத் துணைசெய்கின்றது. நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் காட்சிகள் விளக்கொளியோடும் தெளிவோடும் பளபளப்பாக அமைந்துள்ளன. அலுவலகக் காட்சிகளோ கையில் ஏந்திய சிறு கருவியால் எடுத்தவை போல அசைந்தும் மங்கியும் காணப்படுகின்றன. சிரிப்பொலி எதுவும் பின்னணியில் சேர்க்கப்படவில்லை. பளபளப்பது பொய், மங்கியது மெய் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லாமலே நம் கண் அதனைக் கற்றுக்கொள்கின்றது.

ஒப்புநோக்கு

அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் இருவகையாகப் பகுப்பது தமிழ் மரபு. வெளிப்படையாகப் பழித்தல் முன்னது. பழியை மறைத்துக் கூறுதல் பின்னது. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் அவனுடைய படைக்கலங்கள் அழகுற விளங்குவதைப் புகழ்ந்து, அதியமானின் வேல்களோ முறிந்தும் சிதைந்தும் கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று இரங்குவார்போல் உரைத்தது புறநானூற்றில் உள்ளது. புகழ்ந்தவை போர் காணாதவை என்பதே அதன் உட்பொருள். பழிகரப்புக்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

'ஃபிரண்ட்லைன்' தோன்றிய அதே 1994-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் பி.பி.சி. 'தி டே டுடே' என்னும் நிகழ்ச்சியை ஆறு பகுதிகளாக ஒளிபரப்பியது. கிறிஸ் மோரிஸ், அர்மாண்டோ இயானூச்சி ஆகியோர் அதனை உருவாக்கினர். அதுவும் தொண்டைமானின் படைக்கொட்டில் போன்றதே. முழங்கும் இசை, சுழலும் எழுத்துகள், மிரட்டும் குரல் ஆகிய அனைத்தும் உண்மைச் செய்தியைவிட ஒருபடி மேலாகவே இருக்கும். சொல்லப்படும் செய்தி மட்டும் பொருளற்றதாக இருக்கும். ஒரு பகுதியில் செய்தி வாசிப்பவரே இரு தரப்பாரிடமும் மாறிமாறிப் பேசி மூட்டிவிட்டு, ஆஸ்திரேலியாவுக்கும் ஹாங்காங்குக்கும் இடையே போரை உண்டாக்கிவிடுகின்றார். போர் மூண்டதும் அவர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியே அங்கதத்தின் கூர்முனை.

மோரிஸ் 1997-இல் சானல் 4-இல் வழங்கிய 'பிராஸ் ஐ' இன்னும் ஒருபடி சென்றது. 'கேக்' என்னும் இல்லாத போதைப்பொருள் ஒன்றைப் பற்றிப் புகழ்பெற்றோர் பலரை எச்சரிக்கை உரை நிகழ்த்தச் செய்தனர். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அதனை மெய்யென நம்பி அவையிலேயே கேள்வியும் எழுப்பிவிட்டார். கருவியைக் கண்டதும் அறியாத பொருளைப் பற்றியும் அறிந்தவர்போற் பேசும் பழக்கத்தை இதைவிட நேராகக் காட்ட முடியாது. ஆயினும், பிறரை ஏமாற்றி அவர் ஏமாந்ததைக் காட்டும் முறை ஆதலின், பார்ப்பவருக்கு அது ஒரு செருக்கைத் தருகின்றது. 'நான் ஏமாந்திருக்கமாட்டேன்' என்று அவர் எண்ணிக்கொள்வார். 'ஃபிரண்ட்லைன்' அச்செருக்கைத் தருவதில்லை.

பழிகரப்புக்கு வேறோர் இடரும் உண்டு. அமெரிக்காவில் 2005 முதல் 2014 வரை ஸ்டீபன் கோல்பேர், வலதுசாரிக் கருத்துரையாளர் ஒருவரைப்போல் வேடம் பூண்டு நிகழ்ச்சி நடத்தினார். அவர் பேசியதெல்லாம் மறைமுக எள்ளல். ஆனால், 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவருடைய நகைச்சுவையைச் சுவைத்தோருள் வலதுசாரிச் சார்புடையோர், அவர் வேடிக்கை செய்வதுபோல் காட்டித் தம் உண்மைக் கருத்தையே கூறுகின்றார் என்று கொள்ளும் போக்கு மிகுதி எனக் கண்டது. மறைத்த பழி மறைந்தே போய்விட்டது! அங்கதத்தின் பொருள் ஆசிரியர் கையில் பாதியும் கேட்போர் கையில் பாதியும் உள்ளது என்பதற்கு இது சான்றாகும்.

குறைகளும் ஐயங்களும்

'ஃபிரண்ட்லைன்' குறையற்ற படைப்பு என்று கூறுவதற்கில்லை. அரசு நிதியால் இயங்கி, விளம்பரம் வேண்டாத ஒலிபரப்புக் கழகம், விளம்பரத்தால் வாழும் தனியார் நிலையங்களை நகையாடியது. நிறைந்த வயிற்றோடு பசித்தவனின் திருட்டைப் பழித்தல் எளிது என்று ஒருவர் கூறினால் மறுப்பது அரிது. அன்றியும், தயாரிப்பாளர்களுக்கே கூர்மையான பேச்சு அமைந்துவிட்டது. நாள் செல்லச் செல்ல அவர்களின் தந்திரத்தை வெறுப்பதை விட்டுச் சுவைக்கத் தொடங்குகின்றோம். கயவனை நகைச்சுவையுடையவனாகப் படைக்கும் ஆசிரியர் அனைவருக்கும் நேரும் இடர் இது.

இவற்றினும் பெரிய ஐயம் ஒன்று உண்டு. இத்தனை நகையாடியும் பயன் யாது? நாடகம் நடந்துகொண்டிருந்த 1995-ஆம் ஆண்டிலேயே 'டுடே டுநைட்' என்னும் மற்றொரு நடப்பு விவகார நிகழ்ச்சி தனியார் நிலையமொன்றில் தொடங்கிப் பல்லாண்டுகள் ஓடியது. சிறு ஏமாற்றுக்காரனைத் தெருவில் துரத்தும் காட்சி மறையவில்லை. செய்தித்தொழிலில் இருந்தோரே இந்நாடகத்தை விரும்பிப் பார்த்திருப்பர். பார்த்துச் சிரித்துவிட்டு மறுநாள் தம் வேலைக்குச் சென்றிருப்பர். நகை நோய்க்கு மருந்தாகாமல், நோயோடு வாழ்வதற்கு ஆறுதலாக முடிந்துவிடுமோ என்னும் அச்சம் எழுகின்றது.

அதனினும் தீயது, 'எல்லாச் செய்தியும் பொய்' என்னும் முடிவுக்கு ஒருவர் வந்துவிடுதல். அது அறிவுபோலத் தோன்றும், ஆனால் அறிவன்று. எல்லாவற்றையும் நம்புதல் எவ்வாறு மடனோ, எதனையும் நம்பாமையும் அவ்வாறே மடன்தான். இரண்டிலும் ஆராய்ச்சி என்னும் உழைப்பு இல்லை. அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர், சொல்பவர் யாராயினும் சொல்லப்பட்டதன் மெய்ம்மையைக் காண வேண்டும் என்றார். ஐயுற்று நின்றுவிடுக என்று அவர் கூறவில்லை. காண்டலே முடிவு, ஐயம் அதற்கு வழி மட்டுமே.

ஆசிரியர் கையில்

இவ்விடத்தில்தான் ஆசிரியர் வருகின்றார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியின் இறுதித் தேர்வுக்குரிய ஆங்கிலப் பாடத்தில் இத்தொடரின் சில பகுதிகள் பாடநூலாக வைக்கப்பட்டிருந்தன. 'உண்மையைச் சொல்லுதல்' என்பது அப்பாடப் பிரிவின் பெயர். தொலைக்காட்சி நாடகத்தை நாடக இலக்கியங்களோடு ஒப்பவைத்துக் கற்பிக்கலாமா என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். யான் அவ்வாறு கருதவில்லை. தனியே வீட்டில் பார்த்தால் ஆறுதலாகவோ அவநம்பிக்கையாகவோ முடியும் நகையை, வகுப்பறையில் நிறுத்திக் கேள்வி கேட்டால் ஆராய்ச்சியாக மாற்றலாம். மாணவன் சிரித்தவுடன், 'ஏன் சிரித்தாய்? எந்த இடத்தில் உண்மை விலகியது? விலகாமல் இச்செய்தியைச் சொல்வது எப்படி?' என்னும் மூன்று கேள்விகளை ஆசிரியர் எழுப்பினால் போதும். மூன்றாவது கேள்விக்கு நாடகம் விடை தருவதில்லை. நகை அதுவரைக்கும் செல்லாது. அவ்விடையை மாணவனே தேடிக் காண வேண்டும்.

தமிழாசிரியர்க்கு இதில் தனிப்பயன் உண்டு. மெய்ப்பாட்டியலைக் கற்பிக்கும்போது நகையின் நான்கு வேர்களையும் பட்டியலாகச் சொல்லிவிட்டு மாணவரின் கண்கள் மூடக் காண்கின்றோம். அதே நான்கையும் மாலைச் செய்தியின்மேல் வைத்து அளந்து காட்டினால் கண்கள் திறவாமல் இருக்குமா? தமிழ் அங்கத மரபு இன்றைய உலகத்தைப் படிப்பதற்கும் ஒரு கருவி என்பதை மாணவர் அப்போது தாமே உணர்வர்.

இவ்வளவும் எழுதிய இக்கட்டுரையும் ஒரு நாளிதழின் பக்கத்தில்தான் வருகின்றது என்பதை யான் மறக்கவில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்னும் முடிவுகளை யானும் எடுத்தே இதனை எழுதினேன். 39 பகுதிகளுள் சிலவற்றையே சொன்னேன்; என் கருத்துக்குத் துணையாவனவற்றையே மிகுதியும் சொன்னேன். மைக் மூரைப் பார்த்து நகைத்தவன் தன்னையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் முறை. படிப்போரும் இக்கட்டுரையை அவ்வாறே ஆராய்ந்து கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுவாராக.